வேலை ஊருக்கு, சாவி யாருக்கு? தேக்கடி – ஒரு நிகழ்வு ஆய்வு

தேக்கடியில் இரண்டு விதமான சுற்றுலா நடக்கிறது. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த போட்டிங். கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் என்று மலையேறி குமுளியில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் அதற்காகத்தான் வருகிறார்கள். ஒன்றரை மணி நேரம் ஏரியில் சுற்றிவிட்டு, யானை கண்ணில் பட்டால் சந்தோஷப்பட்டு, படாவிட்டால் சலித்துக்கொண்டு, பஜாரில் ஏலக்காயும் மிளகும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். இன்னொன்று அவ்வளவு கூட்டம் சேராதது: காட்டுக்குள் நடை, மூங்கில் தெப்பம், இரவு ரோந்தில் கூடப் போவது, கூடாரத்தில் தங்குவது. இந்த இரண்டாவது வகையில் கால் வைத்து உழைக்கிறவர்கள் அத்தனை பேரும் காட்டோரத்து ஊர்க்காரர்கள். மேற்பார்வை வனத்துறையுடையது. முன்னால் நடப்பது, துடுப்புப் போடுவது, சமைப்பது, ஆளை எண்ணிப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது எல்லாம் அவர்கள் பொறுப்பு.

‘உள்ளூர் மக்கள் பங்கேற்பு’ என்ற வரி இல்லாத சுற்றுலாத் திட்ட அறிக்கை இப்போது கிடையாது. நடைமுறையில் அது பல இடங்களில் ஒரு கூட்டம், ஒரு கையெழுத்துத் தாள், டீ, பிஸ்கட்டோடு முடிந்துவிடும். தேக்கடியில் அது நிஜமாகவே நடந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் தாக்குப் பிடித்தும் விட்டது. அதனாலேயே அதைக் கொஞ்சம் கறாராகப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. என் கணிப்பைச் சுருக்கமாகச் சொன்னால்: அங்கே வேலை ஊராருக்கு வந்தது, வருமானம் வந்தது, கௌரவமும் வந்தது. முடிவெடுக்கும் அதிகாரம் மட்டும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

முன்கதை

முல்லைப்பெரியாறு அணை 1895இல் முடிந்து, தண்ணீர் தேங்கியதால் உண்டானது இந்த ஏரி. பென்னிகுயிக் படம் மாட்டிய வீடுகள் இருக்கும் தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். அதிகம் பேசப்படாதது, அந்தக் காட்டில் ஏற்கெனவே இருந்த மன்னான்களின், பளியர்களின் கதைதான். குமுளியை ஒட்டி இன்று மன்னாக்குடி, பளியக்குடி என்று இருப்பவை, 1940களில் அவர்களைக் காட்டுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவந்து குடியமர்த்திய இடங்கள். 1950இல் சரணாலயம், 1978இல் பெரியாறு புலிகள் காப்பகம் என்று காட்டுக்கு அந்தஸ்து கூடக்கூட, அவர்கள் காட்டில் செய்யக்கூடிய காரியங்கள் குறைந்துகொண்டே போயின. மீன் பிடிப்பது மட்டும் ஓரளவு மிஞ்சியது.

ஆதிவாசிகள் அல்லாத ஊர்களின் கதை வேறு. கேரளப் பக்கம் குடியேறிய விவசாயிகள், தோட்டத் தொழிலாளர்கள். தமிழ்நாட்டுப் பக்கம் விறகுக்கும் மாட்டு மேய்ச்சலுக்கும் மலையேறுகிறவர்கள். இவர்களுக்கிடையே சந்தனம் வெட்டுவது, வேட்டையாடுவது, கஞ்சா போடுவது என்று தனித் தொழில்களும் நடந்தன. வனத்துறைக்குத் தெரிந்த வைத்தியம் வழக்கு ஒன்றுதான். பிடிப்பார்கள், உள்ளே போவார்கள், ஜாமீனில் வருவார்கள், வக்கீல் செலவுக்குக் கடன் வாங்குவார்கள், கடனை அடைக்க மறுபடி காட்டுக்குப் போவார்கள்.

இந்த நிலையில்தான் 1996இல் இந்திய சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. உலக வங்கியும் உலகச் சூழல் நிதியமும் பணம் போட, நாட்டில் ஏழு காப்பகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரியாறு அதில் ஒன்று. சுற்றியுள்ள மக்களைக் குழுக்களாக்கி, அவர்களுக்குக் காட்டைச் சிதைக்காத வருமானத்துக்கு வழி செய்வது நோக்கம். பெரியாற்றில் இப்படி 72 குழுக்கள் அமைந்தன. சூழல் மேம்பாட்டுக் குழு என்பதன் ஆங்கிலச் சுருக்கமான இ.டி.சி. என்றால்தான் குமுளியில் யாருக்கும் புரியும். ஊருக்கு ஒரு குழு, காட்டுப் பொருளை நம்பியிருந்தவர்களுக்கு ஒரு குழு, ஒரே தொழில் செய்பவர்களுக்கு ஒரு குழு என்று மூன்று வகை. இந்த மூன்றாவது வகையில்தான் பெரியாற்றின் உண்மையான கண்டுபிடிப்பு இருக்கிறது.

இருபத்து மூன்று பேர்

வயணை என்பது காட்டில் வளரும் ஒரு வகைப் பட்டை மரம். நம் இலவங்கப்பட்டைக்குச் சொந்தம். அதன் பட்டையை உரித்துக் கடத்துவது தேக்கடிச் சுற்றுவட்டாரத்தில் ஒரு பெரிய தொழிலாகவே இருந்தது. கூட்டமாக, அரிசி பருப்போடு காட்டுக்குள் போய், நாள்கணக்கில் தங்கி, மரத்தைச் சாய்த்துப் பட்டையை உரித்து, காயவைத்து, மூட்டை கட்டித் தலைச்சுமையாக இரவில் இறக்குவார்கள். வியாபாரி கொடுப்பது சொற்பம். மாட்டிக்கொண்டால் வியாபாரி வரமாட்டார்.

இப்படிப் பட்டை உரித்துக்கொண்டிருந்த 23 பேர் வனத்துறையோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அவர்கள் தொழிலை விட்டுவிட வேண்டும், தங்களுக்குத் தெரிந்த கடத்தல் வழிகளைக் காட்ட வேண்டும். வனத்துறை வழக்குகளைக் கைவிட்டு, பிழைப்புக்கு ஒரு வழி செய்ய வேண்டும். ‘முன்னாள் வயணைப் பட்டை சேகரிப்போர் குழு’ என்று பெயரே வைத்தார்கள். பழைய தொழிலை மறைக்காமல் பெயரிலேயே போட்டுக்கொண்டதில் ஒரு தைரியம் இருக்கிறது.

அப்புறம் என்ன வேலை கொடுப்பது என்ற கேள்வி. வழக்கமாக இந்த மாதிரித் திட்டங்களில் மறுவாழ்வு என்றால் கறவை மாடு, தையல் மெஷின், கோழிக்குஞ்சு. இங்கே யாரோ சரியாக யோசித்திருக்கிறார்கள். இந்த ஆட்களுக்கு என்ன தெரியும்? காட்டில் வழி தெரியும், எங்கே தண்ணீர், எங்கே யானைத் தடம், எங்கே இரவு தங்கலாம் என்று தெரியும், சத்தமில்லாமல் நடக்கத் தெரியும், சுமை தூக்கவும் சமைக்கவும் தெரியும். அத்தனையும் சுற்றுலாப் பயணியைக் காட்டுக்குள் அழைத்துப்போகத் தேவையான தகுதிகள். 1998 வாக்கில் ‘பெரியாறு டைகர் டிரெயில்’ தொடங்கியது. ஐந்தாறு பயணிகள், ஐந்து வழிகாட்டிகள், துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். ஓர் இரவோ இரண்டு இரவோ காட்டுக்குள் கூடாரம்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பயணிகளை அழைத்துக்கொண்டு காட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த ஐந்து பேரும் ரோந்தில்தான் இருக்கிறார்கள். புது வெட்டுத் தழும்போ அணைந்த அடுப்போ கண்ணில் பட்டால் அவர்களுக்கு உடனே தெரியும், இன்னார் வேலை என்று. ரோந்துச் செலவைப் பயணி கொடுக்கிறார். பயணிக்கு அது சாகசம், வனத்துறைக்கு அது காவல்.

நீண்ட நடைக்கு உடம்பு ஒத்துழைக்காதவர்களுக்குக் காலையில் மூன்று மணி நேர நடை உண்டு. கிளம்புமுன் முழங்கால்வரை வரும் துணி உறை ஒன்றைக் கொடுத்து மாட்டச் சொல்வார்கள், அட்டைக்கடிக்காக. ஏரியின் ஒரு கிளையைக் கடக்க மூங்கில் தெப்பம். கரைக்குக் கரை கயிறு கட்டியிருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் தெப்பம் நகரும். மறுகரையில் இறங்கியதும் வழிகாட்டி முதலில் பார்ப்பது ஈரமண்ணைத்தான். மிளாவின் குளம்பு, காட்டுப்பன்றி கிளறிய இடம், யானைச் சாணியின் சூடு. மன்னான், பளியர் பேச்சில் தமிழ் நிறைய என்பதால் நமக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்காது. வெள்ளைக்காரர்கள் பின்னால் தாமதமாகத் தலையாட்டுவார்கள்.

பணம் எப்படிப் போகிறது

மற்ற சுற்றுலாத் தலங்களில் கைடுகள் பஸ் ஸ்டாண்டிலேயே வந்து கையைப் பிடித்து இழுப்பார்கள். ஒருவர் ஆயிரம் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் எழுநூறு சொல்வார். பெரியாற்றில் வனத்துறை நடத்தும் நடைகளுக்கு இந்தத் தள்ளுமுள்ளு இல்லை. டிக்கெட் ஒரே இடத்தில். எந்த வழிகாட்டி யாரோடு போவது என்பது முறைவைத்து. வசூல் குழுவின் கணக்குக்குப் போகும், உறுப்பினர்களுக்கு மாதச் சம்பளம் போல ஒரு தொகை வரும், மிச்சம் சமூக நிதியில் சேரும். ஒரு மாதம் மழை பிடித்துக்கொண்டு ஆளே வராவிட்டாலும் அடுப்பு எரியும். அந்த நிதியிலிருந்து பள்ளிச் செலவுக்கும் மருத்துவத்துக்கும் கைமாற்றும் கிடைக்கும். கடன்காரன் வீட்டு வாசலில் நிற்காமல் இருப்பதுதான் ஒருவனை மறுபடி கடத்தலுக்குப் போகாமல் தடுக்கிறது என்பது என் எண்ணம். விழிப்புணர்வுக் கூட்டங்களுக்கு இதில் அதிகப் பங்கில்லை.

மன்னாக்குடியில் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் மிளகுக் கொடி உண்டு. ஆனால் மிளகு அவர்களுடையதாக இல்லை. கல்யாணம், காய்ச்சல் என்று வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, வரப்போகும் விளைச்சலை முன்கூட்டியே அவர் சொன்ன விலைக்கு எழுதிக்கொடுத்துவிட்டிருந்தார்கள். தன் தோட்டத்தில் தானே கூலிக்கு மிளகு பறிக்கும் நிலை. குழு முதலில் செய்த வேலை இந்தக் கடனை அடைத்துக் கொடிகளை மீட்டதுதான். பிறகு மிளகைச் சேர்த்து மொத்தமாக விற்றார்கள். சுற்றுலாவுக்கும் மிளகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வயிற்றுக்கு வேறு வழி இருப்பவன்தான் சுற்றுலாவில் பேரம் பேச முடியும். அதை மட்டுமே நம்பியிருப்பவன் கொடுத்ததை வாங்கிக்கொள்வான். 2020இல் கொரோனாவால் நடை, தெப்பம் எல்லாம் நின்றபோது இந்த வித்தியாசத்தைச் சுற்றுலாவை நம்பிய எல்லா ஊரும் பார்த்தது.

சபரிமலையும் இந்தக் காப்பகத்தின் எல்லைக்குள்தான் வருகிறது என்பது பலருக்கு உறைப்பதில்லை. மண்டல காலத்தில் காட்டுப் பாதையில் வெளியாட்கள் கடை போட்டு, காட்டு விறகையே எரித்துக் கஞ்சி காய்ச்சுவார்கள். அந்தக் கடைகளை உள்ளூர்க் குழுக்களுக்கு மாற்றினார்கள். ஐயப்பன் பூங்காவனத்தின் பெயரிலேயே குழுக்கள் அமைந்தன. பக்தர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது சின்ன முயற்சிதான்.

வசந்தசேனை

2000களின் தொடக்கத்தில் குமுளியைச் சுற்றியுள்ள பெண்கள் சேர்ந்து ‘வசந்தசேனை’ என்ற ரோந்துக் குழுவை ஆரம்பித்தார்கள். சுமார் நூறு பேர். தினமும் முறைவைத்து ஆறேழு பேராகக் காட்டோரம் நடந்து சந்தன மரங்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். சம்பளம் கிடையாது. காடு பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இவர்களை மெச்சியிருக்கிறார்கள், மெச்ச வேண்டியதுதான். ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதே காட்டில், பழைய தவறை விட்டுவிட்டு வந்த ஆண்களுக்கு மாதத் தொகை இருக்கிறது. எந்தத் தவறும் செய்யாமல் காவல் காக்கும் பெண்களுக்குப் பாராட்டுப் பத்திரம் இருக்கிறது. சேவை என்று அவர்களே சொல்லிக்கொள்வது உண்மையாகவே இருக்கலாம். அதைச் சாக்காக வைத்துச் சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது வேறு விஷயம்.

அதே திட்டம், வேறு காடு

பெரியாறு ஏன் நிலைத்து நின்றது என்று தெரிய, அதே ஏழு காப்பகங்களின் பட்டியலில் இருந்த நாகரஹொளேயைப் பார்க்க வேண்டும். பணம் அதே பணம், விதிமுறை அதே விதிமுறை. ஆனால் கர்நாடகத்தின் அந்தக் காட்டுக்குள் ஜேனு குருபர், பெட்ட குருபர், எரவர் மக்கள் இன்னும் குடியிருந்தார்கள். திட்டம் தங்களை வெளியேற்றத்தான் வருகிறது என்று அவர்கள் நினைத்தார்கள். நினைக்கக் காரணமும் இருந்தது: அவர்களை வெளியே போகச் சொல்லும் அதே பூங்காவுக்குள் ஒரு பெரிய ஓட்டல் நிறுவனத்துக்கு விடுதி நடத்த இடம் குத்தகைக்குக் கொடுத்திருந்தார்கள். மக்கள் போராடினார்கள், வழக்குப் போனது. 1997இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தக் குத்தகை சட்டத்துக்குப் புறம்பானது என்றது. அடுத்த ஆண்டு அவர்கள் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தையே எதிர்த்து உலக வங்கியின் ஆய்வுக் குழுவரை புகார் கொண்டுபோனார்கள்.

பெரியாற்றில் மன்னான்களும் பளியர்களும் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வெளியே கொண்டுவரப்பட்டிருந்தார்கள். வீடு போகுமோ என்ற பயம் மேஜையில் இல்லை. வேலையைப் பற்றி மட்டும் பேச முடிந்தது. ‘பெரியாறு முன்மாதிரி’ என்று பாராட்டுகிறவர்கள் இந்தக் கசப்பான பகுதியைச் சொல்வதில்லை. நல்ல அதிகாரிகள் இருந்தார்கள், அது உண்மை. ஆனால் கஷ்டமான வேலையை வரலாறு ஏற்கெனவே, கொஞ்சம் கொடூரமாகவே, முடித்து வைத்திருந்தது.

பணம் நின்ற பிறகு

உலக வங்கித் திட்டம் 2004இல் முடிந்தது. வெளிப்பணம் நின்றதும் குழுக்கள் கலைந்துபோவதுதான் நம் நாட்டு வழக்கம். கேரள அரசு அந்த ஆண்டே பெரியாறு அறக்கட்டளையை உருவாக்கியது. காப்பகத்துக்குள் நுழைகிறவர் வாங்கும் டிக்கெட்டோடு சூழல் மேம்பாட்டுக்கென ஒரு கூடுதல் கட்டணம். அது கருவூலத்துக்குப் போய்த் தொலையாமல் நேராக அறக்கட்டளைக்கு வரும். குழுக்களுக்குத் துணை நிற்கும் சமூகப் பணியாளர்களுக்கும் ஆய்வுக்கும் பணம் இதிலிருந்து. இரண்டே ஆண்டில், 2006இல், வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் இப்படி ஓர் அறக்கட்டளை வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். முதுமலைக்கும் ஆனைமலைக்கும் களக்காடு முண்டந்துறைக்கும் இன்று இருக்கும் அறக்கட்டளைகளுக்கு முன்மாதிரி குமுளியில் தொடங்கியது.

சாவி

சரி, இப்போது கசப்பான பக்கம். ஒவ்வொரு இ.டி.சி.க்கும் தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். செயலாளர் யார்? பதவி வழியாக வரும் வனத்துறை ஊழியர். வங்கிக் கணக்கில் அவர் கையெழுத்தும் வேண்டும். நல்ல மனுஷராக இருந்தால் குழு ஜோராக நடக்கும். மாற்றலாகி வேறொருவர் வந்தால் கூட்டம் போடவே ஆறு மாதம் ஆகலாம். ஊரார் அவரைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. எந்த நடை நடத்தலாம், எத்தனை பேரை விடலாம், கட்டணம் எவ்வளவு என்பவை எல்லாம் துறையின் முடிவு. காட்டைக் காக்க இப்படி ஒரு தடுப்பு தேவைதான் என்று வாதிடலாம், நானும் ஓரளவு ஒப்புக்கொள்வேன். ஆனால் நிர்வாகத்தில் பங்கு என்று அதைச் சொல்லக்கூடாது. அது நல்ல முறையில் நடத்தப்படும் வேலைவாய்ப்பு.

போட்டிங் என்ற பெரிய வியாபாரம் இந்தக் குழுக்களின் கைக்கு வரவே இல்லை. அதை நடத்துவது கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் வனத்துறையும். 2009 செப்டம்பர் 30 அன்று கழகத்தின் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு ஏரியில் கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டபோது படகு சாய்ந்தது. உள்ளூர்க்காரர்கள் நடத்தியிருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். படகின் வடிவமைப்பு வேறு விஷயம். ஆனால் பத்துப் பேர் போகும் தெப்பத்துக்கு ஐந்து பேர் துடுப்புப் போடும் ஏற்பாட்டையும், அடுக்கு படகில் கூட்டத்தை ஏற்றி அனுப்பும் ஏற்பாட்டையும் ஒரே ஏரியில் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கும்போது மனசு ஒப்பிடத்தான் செய்கிறது.

குமுளிச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் ரிசார்ட்டுகள் இந்தக் கணக்கிலேயே வராதவை. காட்டைக் காட்டித்தான் அவை அறை வாடகை வாங்குகின்றன. குழுவில் இடம் கிடைக்காத ஊர்க்காரர்களுக்கு அங்கே துடைக்கிற, பெருக்கிற வேலை கிடைக்கலாம். தொழில்முறைக் குழுவின் உறுப்பினர் எண்ணிக்கை கிட்டத்தட்ட மூடிய கதவு; 23 பேர் குழு என்றால் இருபத்து நான்காவது ஆள் வெளியேதான். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் தேசியப் பூங்காக்களையும் சரணாலயங்களையும் சுற்றி, கட்டுமானத்துக்கும் தொழில்களுக்கும் கட்டுப்பாடு உள்ள ஒரு கிலோமீட்டர் சூழல் உணர்திறன் மண்டலம் வேண்டும் என்றபோது இடுக்கி மாவட்டமே கடையடைத்தது. இத்தனை ஆண்டு இத்தனை குழுக்கள் இருந்தும், வனத்துறை என்றால் நிலத்தைப் பிடுங்க வருகிறவர்கள் என்ற எண்ணம் குழுக்களுக்கு வெளியே அப்படியேதான் இருந்தது.

எல்லைக்கு இந்தப் பக்கம்

பெரியாற்றின் கதையில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. எல்லை தாண்டி வேட்டைக்கும் கடத்தலுக்கும் போய்க்கொண்டிருந்த நம் பக்கத்து ஆட்களைச் சேர்த்து ‘விடியல்’ என்ற பெயரில் ஒரு குழு அமைந்தது. அவர்களும் இப்போது காவலுக்கும் வழிகாட்டலுக்கும் போகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் தோட்டங்களைக் காட்ட மாட்டுவண்டிப் பயணம் ஒன்றும் உண்டு. நம் திராட்சைக் கொடியையும் கமலைக் கிணற்றுக் கதையையும் கேரளத்து டிக்கெட்டில் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் முயற்சியே இல்லை என்பதல்ல. கோவை மாவட்டத்தில் பில்லூர் அணை ஓரம் பரளிக்காட்டில் 2007 முதல் இருளர்கள் பரிசல் ஓட்டுகிறார்கள், பெண்கள் ராகிக் களி உட்பட மதியச் சாப்பாடு போடுகிறார்கள். வார இறுதியில் மட்டும், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும். அளவு தெரிந்து நடத்துவதால் ஊரும் கெடவில்லை, ஆறும் கெடவில்லை.

ஆனால் பெரியாற்றுக்கு ஒட்டிய பக்கத்து வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை. 2021 பிப்ரவரியில் புலிகள் காப்பகமானது. மேகமலையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வாகனங்கள் ஏற்கெனவே குவிகின்றன. கீழே வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் தலைமுறையாக விவசாயம் செய்கிற குடும்பங்கள் எப்போது கிளம்பச் சொல்வார்களோ என்ற கவலையில் இருக்கின்றன. அங்கே போய்க் குழு அமைப்போம், வழிகாட்டிப் பயிற்சி கொடுப்போம் என்று இப்போது ஆரம்பித்தால் அது குமுளி மாதிரி ஆகாது, நாகரஹொளே மாதிரிதான் ஆகும். நிலம் யாருக்கு என்ற பேச்சு முதலில் முடிய வேண்டும். டிக்கெட் கவுன்டரில் யார் உட்காருவது என்பது அதற்கு அடுத்த கூட்டத்தில் பேச வேண்டியது.